தேள் நஞ்சு மூளைக்கு ஏறுகிறதா? நரம்பு முனையில் நடப்பது என்ன?

மும்பை தாராவியில் என்னிடம் உயிரியல் படிக்கும் சிறுவன் ஒருவன், மழைக்காலத் தொடக்கத்தில், தன் தந்தை கட்டட வேலை பார்க்கும் ராய்கட் மாவட்டத்துக் கிராமத்துக்குப் போயிருந்தான். வாசலில் கழற்றிவிட்ட செருப்பை இருட்டில் மாட்டியபோது, உள்ளே ஒடுங்கியிருந்த செந்தேள் கட்டைவிரலில் கொட்டியது. முதலில் பொறுக்க முடியாத கடுப்பு, அடுத்து வாந்தி, அதன்பின் சட்டை முழுவதும் நனையும் அளவுக்கு வியர்வை. வியர்த்துக் கொட்டிய அந்த உடம்பின் கையும் காலும் பனிக்கட்டியைப்போல் சில்லிட்டிருந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவன் ஏதேதோ பிதற்றியிருக்கிறான். பிழைத்து வீடு திரும்பிய பிறகு நான் பார்க்கப் போனபோது அவனுடைய ஆச்சி சொன்னார்: “வெஷம் மூளைக்கு ஏறிட்டு சார், அதான் புள்ள கண்டபடி பேசிட்டான்.”

ஆச்சி மட்டும் சொல்வதன்று இது. படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறோம். விஷம் ‘ஏறுகிறது’, நரம்பை ‘அரிக்கிறது’, மூளையைத் ‘தாக்குகிறது’ என்கிறோம். போதாக்குறைக்கு, தேள் நஞ்சு மூளையின் வேதிப்பொருள்களை வெளியேற்றுகிறது என்ற ஆய்வுச் செய்தி எங்கேனும் கண்ணில் பட்டால், அது ஆச்சியின் கூற்றை அறிவியலே ஒப்புக்கொண்டதுபோல் தோன்றிவிடுகிறது. அந்த ஆய்வு உண்மை. ஆச்சியின் கவலையும் உண்மை. ஆனால் இரண்டும் பேசுவது ஒரே செய்தியை அன்று. இந்த வேறுபாடு விளங்கவேண்டுமானால், நரம்பின் நுனியில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது

நரம்பு என்பது நீளமான உயிரணுக்களின் கற்றை. அந்த உயிரணுவை நியூரான் என்பர். நியூரானைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற சோடியத் துகள்கள், மிகுதியாக உள்ளன. உள்ளே இருப்பவை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓய்வில் இருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். அணைக்கு ஒருபுறம் நீர் தேங்கி நிற்பதைப் போன்ற நிலை இது. மதகு திறந்தால் நீர் தானாகவே பாயும். தள்ளிவிட யாரும் வேண்டியதில்லை.

சவ்வில் பதிந்திருக்கும் அந்த மதகுக்குச் சோடியம் கால்வாய் என்று பெயர். சோடியம் மட்டும் நுழையும் அளவுக்கு நடுவே துளை கொண்ட பெரிய புரதம் அது. அருகில் மின்னழுத்தம் சற்று உயர்ந்தால் கால்வாய் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலால் அடுத்த கால்வாய் திறக்கும். இப்படி ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு நரம்பின் நீளத்துக்கும் ஓடும் மின் அலையையே நரம்புத் துடிப்பு என்கிறோம்.

ஆனால் திறப்பது வேலையில் பாதிதான். திறந்த கால்வாய் ஏறத்தாழ ஒரு மில்லி நொடிக்குள் தானாகவே அடைபட்டுவிடவேண்டும். மும்பையின் மேற்கு ரயில் தடத்தில் 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன லோக்கலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நடைமேடையில் வண்டி நின்றதும் கதவு திறக்கிறது. குறித்த நேரத்தில் தானாகவே மூடுகிறது. மூடியபின்தான் வண்டி நகர்கிறது. தாதரில் நெரிசல் நேரத்தில் யாரோ ஒருவர் கதவிடுக்கில் காலை வைத்துவிட்டால் என்ன ஆகிறது? கதவு உடையவில்லை, மோட்டார் பழுதாகவில்லை. ஆனால் மூட முடியவில்லை. ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். தேளின் நஞ்சு செய்வதும் ஏறத்தாழ இதையே.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நரம்புத் துடிப்பு என்பது சோடியம் கால்வாய்கள் வரிசையாகத் திறந்து உடனே அடைபடுவது. அந்த ‘உடனே’ என்ற சொல்லைத்தான் தேள் குறிவைக்கிறது.

கதவிடுக்கில் வைத்த கால்

தேளின் நஞ்சு ஒற்றைப் பொருளன்று. பல சிறு புரதங்கள் சேர்ந்த கலவை. அவற்றுள் நரம்பைப் பாதிப்பவற்றை நச்சுப்புரதங்கள் எனலாம். சோடியம் கால்வாயைப் பிடிப்பவை பெரும்பாலும் 60 முதல் 70 வரையான அமினோ அமிலங்களால் ஆனவை. புரதங்களில் இவை மிகச் சிறியவை. கந்தகப் பிணைப்புகள் நான்கு இவற்றை முடிச்சுப் போட்டதுபோல் இறுக்கி வைத்திருப்பதால் எளிதில் சிதைவதில்லை.

சோடியம் கால்வாய் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியிலும் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து அசையும் ஒரு புயம் உண்டு. அதை உணரி என்று சொல்வோம். கால்வாய் அடைபடுவதற்குக் குறிப்பாக நான்காம் பகுதியின் உணரி அசைந்தாகவேண்டும். அது அசைந்தால்தான் உட்புறத்திலிருந்து ஓர் அடைப்பான் வந்து துளையை மறிக்கும். தேள் நஞ்சிலுள்ள ஆல்ஃபா நச்சு என்னும் வகை, வெளியே இருந்தபடியே இந்த நான்காம் உணரியைப் பற்றிக்கொள்கிறது. கால்வாய் வழக்கம்போல் திறக்கிறது. ஆனால் அடைப்பான் நேரத்துக்கு வருவதில்லை. ஒன்றிரண்டு மில்லி நொடியில் முடியவேண்டிய துடிப்பு அதைப்போல் பல மடங்கு நேரம் நீள்கிறது.

இன்னொரு வகை உண்டு. பீட்டா நச்சு இரண்டாம் பகுதியின் உணரியைப் பற்றி, அதைத் ‘திறந்துகொள்’ என்ற நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் தேவையான தூண்டல் வருமுன்பே கால்வாய் திறக்கிறது. வண்டி நடைமேடையை அடையுமுன் கதவு திறப்பதைப் போன்றது இது. ஆசிய, ஆப்பிரிக்கத் தேள்களில் ஆல்ஃபா வகை மேலோங்கியது. பீட்டா வகை அமெரிக்கக் கண்டங்களின் தேள்களில் மிகுதி.

ரயில் உவமை ஓரிடத்தில் பிசகுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ரயிலில் திறப்பதும் மூடுவதும் ஒரே கதவு. சோடியம் கால்வாயில் திறக்கும் வாயில் வேறு, அடைக்கும் அடைப்பான் வேறு. அதனால்தான் திறப்பைக் கெடுக்காமல் அடைப்பை மட்டும் தடுக்க ஆல்ஃபா நச்சால் முடிகிறது.

இங்கே அழுத்திச் சொல்லவேண்டியது, நச்சுப்புரதம் நரம்பணுவுக்குள் நுழைவதே இல்லை என்பது. அது எதையும் அரிப்பதில்லை, கரைப்பதில்லை. வெளியே நின்று ஒரு புயத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கொட்டிய இடத்தில் எரியும் கடுப்பின் பெரும்பகுதிக்கும் இதுவே காரணம். வலியைச் சுமக்கும் நரம்புகள் ஒருமுறை துடிக்கவேண்டிய இடத்தில் ஓயாமல் துடிக்கின்றன.

நரம்பின் நுனியில் திறக்கும் இரண்டாம் மதகு

மின் அலை நரம்பின் நுனிக்கு வந்ததும் ஓர் இடைவெளியைச் சந்திக்கிறது. இரண்டு நியூரான்கள் சந்திக்கும் அந்த இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். இடைவெளியை மின்சாரம் தாண்டுவதில்லை. ஒரு வேதிப்பொருள் தாண்டுகிறது. அதுவே நரம்புக்கடத்தி. அசிட்டைல்கோலின், நார்அட்ரீனலின், குளுட்டமேட், காபா, டோபமின் ஆகியவை அதன் வகைகளுள் சில.

நரம்புக்கடத்தி எப்போதும் தயாராகவே இருக்கிறது. நரம்பின் நுனியில் ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகளில் அது நிரப்பி வைக்கப்பட்டிருக்கும். ஒரு மயிரிழையின் குறுக்கே இந்தப் பைகளை வரிசையாக அடுக்கினால் ஆயிரத்துக்கும் மேல் அடங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். பைகள் சவ்வை ஒட்டிக் காத்திருக்கும்; வாய் திறந்து கொட்டுவதற்கு ஓர் ஆணை தேவை. அந்த ஆணை கால்சியம்.

மின் அலை நுனியை எட்டும்போது அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு என்பதால், சிறிது நேரம் திறந்தாலும் உள்ளே பாய்ந்துவிடும். கால்சியம் பட்டதும் பைகளின் முகப்பிலுள்ள புரதங்கள் பையின் சவ்வையும் நுனியின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்குகின்றன. பை வாய் திறந்து, உள்ளிருந்த சரக்கு இடைவெளியில் கொட்டுகிறது. இவையெல்லாம் ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும்.

இனி இரண்டையும் இணைத்துப் பார்ப்போம். சோடியம் கால்வாய் அடைபடாததால் துடிப்பு நீள்கிறது. துடிப்பு நீளும்வரை கால்சியம் கால்வாய்களும் திறந்திருக்கின்றன. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கால்சியம் உள்ளே வருகிறது. கைவசமுள்ள நுண்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறக்கின்றன. நஞ்சு கால்சியம் கால்வாயையோ நுண்பைகளையோ தொடவில்லை என்றாலும், சங்கிலியின் முதல் கண்ணியை இழுத்துப் பிடித்ததால் கடைசிக் கண்ணிவரை அசைந்துவிட்டது.

வேறொரு வகை நச்சுப்புரதம் நேரெதிர்த் திசையிலிருந்து இதே விளைவைத் தருகிறது. துடிப்பு முடிந்ததும் நரம்பணுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவை பொட்டாசியம் கால்வாய்கள்; அவற்றை நரம்பின் பிரேக் எனலாம். நம் நாட்டுச் செந்தேளின் நஞ்சிலிருந்து 1990-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஐபீரியோடாக்சின் என்னும் புரதம் 37 அமினோ அமிலங்களே கொண்டது. கால்சியத்தால் முடுக்கப்படும் ஒருவகைப் பொட்டாசியம் கால்வாயின் வாயில் தக்கைபோல் செருகிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே வைத்திருப்பது ஒரு வகை என்றால், பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்வது இன்னொரு வகை. குறிவைத்த ஒரு கால்வாயை மட்டும் அடைப்பதால், இந்த ஐபீரியோடாக்சின் இன்று உலகெங்கும் நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் கருவியாகப் பயன்படுகிறது.

அந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் நம் மொழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த விலங்கியலாளர் ஃபேப்ரிசியஸ் 1798-இல் அதற்குத் ‘தாமுலஸ்’ என்று பெயரிட்டார்; தமிழ் என்பதன் லத்தீன் வடிவம் அது. ஆனால் கொங்கணக் கடற்கரையின் செம்மண் ஊர்களில் மராத்தியர்கள் ‘விஞ்சு’ என்று அஞ்சும் ஆபத்தான தேளும் இதுவே. நம் ஊரில் நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேள் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், அதன் நஞ்சு இந்தச் செந்தேளின் நஞ்சைப்போல் உயிருக்கு ஆபத்தானதன்று. பருத்த இடுக்கிக் கைகளும் மெல்லிய வாலும் உடையதைவிட, மெல்லிய இடுக்கிக் கைகளும் பருத்த வாலும் உடைய தேளுக்கே அஞ்சவேண்டும் என்பது பொதுவாக நம்பத்தக்க அடையாளம்.

மூளையில் நடப்பதாகச் சொல்லும் ஆய்வு எதைச் சொல்கிறது

1970-களில் பிரேசில் ஆய்வாளர்கள் அந்நாட்டு மஞ்சள் தேளின் நஞ்சிலிருந்து டிட்டியஸ்டாக்சின் என்னும் நச்சுப்புரதத்தை எடுத்து, எலி மூளையின் மெல்லிய சீவல்கள்மீது சேர்த்தார்கள். சீவல்களிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியேறியது. பின்னர் மற்ற நரம்புக்கடத்திகளிலும் இதே விளைவு காணப்பட்டது. சீவல்களைத் தவிர, மூளைத் திசுவைச் சர்க்கரைக் கரைசலில் மெதுவாக அரைத்தால் நரம்பு நுனிகள் மட்டும் கிள்ளுப்பட்டுத் தம்மைத் தாமே மூடிக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாக நிற்கும். சினாப்டோசோம் எனப்படும் இந்த உருண்டைகளிலும் சோதனைகள் நடந்தன. உடலிலிருந்து பிரிந்த பிறகும் அவை கொஞ்ச நேரம் நரம்புக்கடத்தியைச் சேமிக்கும், வெளியிடும்.

இந்தச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தர்க்கம். நரம்புக்கடத்தி வெளியேறியது சரி. அது சோடியம் கால்வாய் வழியாகத்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வது? பேத்தை மீனிலிருந்து கிடைக்கும் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு சோடியம் கால்வாயின் துளையையே அடைத்துவிடும். அதை முதலில் சேர்த்துவிட்டுத் தேள் நஞ்சைச் சேர்த்தால் நரம்புக்கடத்தி வெளியேறுவதில்லை. பூட்டிய கதவின் இடுக்கில் காலை வைக்க முடியாதல்லவா? ஒரு நஞ்சைக் கொண்டு இன்னொரு நஞ்சின் வழியைக் கண்டுபிடித்த அந்த எளிமையை, வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும்போதும் வியக்கிறேன்.

மூளையைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு. குளுட்டமேட் அடுத்த நியூரானைத் தூண்டுவது, காபா அடக்குவது. நச்சுப்புரதம் இரண்டையும் வெளியேற்றக்கூடியது. ஆனால் எலியின் மூளைக்குள்ளேயே இந்த நஞ்சை நேரடியாகச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. அதாவது தூண்டலே மேலோங்கியது.

‘நேரடியாகச் செலுத்தியபோது’ என்ற சொற்கள்தாம் இங்கே முக்கியம். சீவலில், சினாப்டோசோமில், ஊசிமூலம் மூளைக்குள் என, இச்சோதனைகள் எல்லாவற்றிலும் நஞ்சை மூளை நரம்புகளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர் ஆய்வாளர். கொட்டுப்பட்டவரின் உடலில் அப்படி யாரும் கொண்டுபோவதில்லை. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கித் தைத்ததுபோல் நிற்கின்றன; இந்த அமைப்பை ரத்த-மூளைத் தடுப்பு என்பர். தேளின் நச்சுப்புரதம் சிறியதுதான் என்றாலும் இந்தத் தடுப்பை எளிதில் கடக்கும் அளவுக்குச் சிறியதன்று. தடுப்பு முழுமையாக முதிராத இளம் எலிகளின் மூளைக்குள் வளர்ந்த எலிகளைவிடக் கூடுதலான நஞ்சு நுழைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே குழந்தைகளைப் பொறுத்தவரை மூளைக்கு எதுவுமே போகாது என்று உறுதியாகச் சொல்லிவிடக்கூடாது.

சுருக்கமாக: மூளை நரம்புகளின் நுனியில் தேள் நஞ்சு பட்டால் நரம்புக்கடத்தி கொட்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. கொட்டுப்பட்டவர் படும் பாட்டின் பெரும்பகுதி மூளைக்கு வெளியே நிகழ்கிறது என்பதும் உண்மை.

அப்படியானால் சிறுவன் பிதற்றியது ஏன்

தடுப்புச் சுவர் மூளைக்குத்தான் இருக்கிறது. இதயம், ரத்தக் குழாய்கள், வியர்வைச் சுரப்பிகள், குடல் ஆகியவற்றுக்குப் போகும் நரம்புகளின் நுனிகள் நஞ்சுக்குத் திறந்தே கிடக்கின்றன. நம் விருப்பத்தைக் கேட்காமல் உடலை நடத்தும் இந்த நரம்புகளின் தொகுதியைத் தானியங்கு நரம்பு மண்டலம் என்பர். இங்கும் அதே சோடியம் கால்வாய்கள், அதே கால்சியம், அதே நுண்பைகள்.

முதலில் அசிட்டைல்கோலின் கொட்டுகிறது: வாந்தி, உமிழ்நீர், வியர்வை. பிறகு நார்அட்ரீனலின் கொட்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் தம் பங்குக்கு அட்ரீனலினை ரத்தத்தில் கலக்கின்றன. தோலின் ரத்தக் குழாய்கள் இறுகுவதால் கைகால் சில்லிடுகின்றன. வியர்த்த உடம்பு குளிர்ந்திருந்த விந்தைக்கு விடை இதுதான்: வியர்வைச் சுரப்பியை இயக்குவது ஒரு நரம்புக்கடத்தி, ரத்தக் குழாயை இறுக்குவது இன்னொன்று, நஞ்சு இரண்டையும் அவிழ்த்துவிட்டது. இறுகிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளும் இதயம் திணறுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம். மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனும் தடுமாறும்போது நினைவு குழம்பும், பேச்சுப் பிதற்றும். மூளை பாதிக்கப்படுகிறது என்பதில் ஆச்சி சொன்னது சரி. ஆனால் அங்கே ஏறியது பெரும்பாலும் நஞ்சன்று, நஞ்சு கிளப்பிவிட்ட புயலின் விளைவு.

தேள் கொட்டிய காலில் இறுகக் கயிறு கட்டுவது ஏன் வீண் என்பதும் இதிலிருந்து விளங்கும். நச்சுப்புரதங்கள் சிறியவை, விரைந்து ரத்தத்தில் கலப்பவை. கயிறு அவற்றை நிறுத்தாது, காலின் ரத்த ஓட்டத்தைத்தான் கெடுக்கும். மந்திரித்ததும் இறங்கிவிட்டது என்று சிலர் சொல்வது பொய்யன்று. பெரும்பாலான கொட்டுகளில் கடுப்பு தானாகவே தணிந்துவிடும். ஆனால் வியர்வையும் வாந்தியும் குளிர்ந்த கைகால்களும் சேர்ந்து தெரிந்தால், அந்தச் சிறுவனைப் போல உடனே மருத்துவமனைக்குப் போயாகவேண்டும்.

சில்லிட்ட பாதம் சூடாவது

1970-களின் பிற்பகுதியில் ராய்கட் மாவட்டம் மகாட் அருகே பிர்வாடி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரிந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிய நோயாளிகளை இரவும் பகலும் அருகிலிருந்து கவனித்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் மூன்று நான்கு பேர் இறந்துகொண்டிருந்த காலம் அது. கொட்டிவிட்ட நரம்புக்கடத்தியைத் திரும்ப அள்ள முடியாது. ஆனால் அது போய் ஒட்டும் இடத்தை மறிக்கலாமே என்பதே அவர் பிடித்த வழி. பிராசோசின் என்னும் ரத்த அழுத்த மாத்திரை, ரத்தக் குழாய்ச் சுவரில் நார்அட்ரீனலின் ஒட்டும் ஆல்ஃபா ஏற்பியை மறித்துக்கொள்ளும். (ஆல்ஃபா நச்சுக்கும் இந்த ஆல்ஃபாவுக்கும் தொடர்பில்லை, பெயர்தான் ஒன்று.) ஏற்பி மறிக்கப்பட்டால் குழாய் தளர்கிறது; இதயத்தின் சுமை இறங்குகிறது. இந்தச் சிகிச்சை பற்றிய அவருடைய கட்டுரை 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இறப்பு விகிதம் மளமளவென்று சரிந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

நஞ்சையே பிடிக்கும் மருந்தும் உண்டு. மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் செந்தேள் நஞ்சுக்கு எதிர்மருந்து தயாரித்துவருகிறது. அது ரத்தத்தில் சுற்றும் நச்சுப்புரதம் கால்வாயைப் பற்றுமுன் தடுப்பது. பிராசோசினோ, ஏற்கெனவே கொட்டிவிட்ட நரம்புக்கடத்தியின் விளைவைத் தடுப்பது. சங்கிலியின் ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றொன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பிராசோசின் மட்டும் கொடுத்ததைவிட விரைவாக நோயாளிகள் தேறினார்கள் என்று பாவஸ்கரின் ஆய்வு ஒன்று 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் காட்டியது.

அந்தச் சிறுவனின் தாயார் ஒன்று சொன்னார். மாத்திரை கொடுத்த பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த செவிலி, அவனிடம் எதுவும் கேட்கவில்லையாம். போர்வையை விலக்கி, கால் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பார்த்துவிட்டு, அடுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவாராம். விடியற்காலையில் அப்படிப் பார்த்தவர், “கால் சூடாயிருச்சு, இனி மாத்திரை வேண்டாம்” என்றாராம். மகனைத் தொட்டுப் பார்த்த தாயாருக்குக் கால் சூடானது மட்டுமே தெரிந்தது. இறுகிக்கிடந்த ரத்தக் குழாய்கள் தளர்ந்து, கொட்டித் தீர்த்த நார்அட்ரீனலினின் பிடி விட்டுவிட்டது என்பதைச் செவிலி அந்தச் சூட்டிலேயே படித்திருந்தார்.